நூர்முகம்மது கையெழுத்து

நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறது ஊர். பேட்டையில் எந்த டீக்கடையிலாவது நின்று, "ஃபைபர் பாய் இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டுப் பாருங்கள். "யாரு, ஆசிட் தொட்டியில கள்ள வேலை பாத்து மாட்டுன ஆளா?" என்று சிரிப்பார்கள். சிரிக்கிறவனுக்கு ஃபைபரும் தெரியாது, நூர்முகம்மதுவையும் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் நான். எனக்கு வருகிற கோபத்துக்கு அந்த டீ கிளாஸை வாங்கி அவன் தலையில் கவிழ்க்கலாம் போல இருக்கும். ஆனால் யார் மேல் கோபம் என்று நிதானமாக யோசித்தால் ஒன்றிரண்டு பேர் தேறுகிறார்கள். அதில் ஒரு பெயர் என்னுடையது.

என் பெயர் சங்கரி. பேட்டையில் கைலாசம் அண்ணாச்சியின் ஃபைபர் பட்டறையில் எட்டு வருஷம் ஆபீஸ் வேலை பார்த்தேன். சரக்கு ஆர்டர் போடுவது, பில் அடிப்பது, செய்து முடித்த தொட்டிகளுக்குச் சோதனைச் சான்றிதழ் டைப் அடிப்பது எல்லாம் நான்தான். வேலைத்தளம் முழுக்க நூர் பாய் பொறுப்பு.

அவர் மேலப்பாளையத்துக்காரர். வீட்டில் இரண்டு தறி இருந்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. இருபத்தோரு வயதில் சவூதிக்குப் போய், ஒரு பைப் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் இருந்தார். ஆள் உள்ளே நிமிர்ந்து நடக்கலாம், அவ்வளவு பெரிய ஃபைபர் குழாய்கள். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் இடங்களுக்குப் போகிறவை. திரும்பி வரும்போது அவர் கொண்டு வந்தது இரண்டு பெட்டி, முழங்கை வரைக்கும் ஆறாத அரிப்பு, காற்றுக் குமிழி மேல் ஒரு வெறி. அரிப்புக்குக் காரணம் கண்ணாடித் தூள். வெயில் காலத்திலும் முழுக்கை சட்டைதான் போடுவார்.

ஃபைபர் ஃபைபர் என்று எல்லோரும் சொல்கிறோமே, அது வேறொன்றுமில்லை. கண்ணாடியை நூலாக இழுத்து, விரிப்பாக்கி, சுருள் சுருளாக வரும். அதை அச்சின் மேல் விரித்து, ரெசின் என்கிற பிசினில், அது இறுகுவதற்கு ஹார்ட்னர் கலந்து பிரஷ்ஷால் ஊற வைத்து, ரோலரால் உருட்டி உருட்டி உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் வெளியே தள்ள வேண்டும். அதன் மேல் அடுத்த விரிப்பு, மறுபடியும் ரெசின். காய்ந்துவிட்டால் துருப்பிடிக்காது, கறையான் அரிக்காது, இரும்பில் பாதி கனம்கூட இருக்காது. கதவுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் சாதா ரெசின் போதும். ஆசிட் தொட்டி என்றால் மட்டும் உள்பக்கம் முழுக்க வினைல் ரெசின் போட்டே ஆக வேண்டும். விலை இரண்டு மடங்குக்கு மேல். போடாவிட்டால் ஆசிட் கண்ணாடி நூல் வரைக்கும் இறங்கிவிடும். அப்புறம் தொட்டி என்றைக்கு வாய் பிளக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

நூர் பாய்க்கு ஒரு சட்டம் உண்டு. அவர் பார்க்காமல் எந்தத் தொட்டிக்கும் கலர் ஏறக்கூடாது. கலர் போடாத ஃபைபர் வெளிச்சத்தை உள்ளே விடும். காலை பத்து மணி வெயிலில் தொட்டியை முற்றத்தில் கிடத்தச் சொல்லி, உள்ளே தவழ்ந்து போய், வாயைச் சாக்கால் மூடச் சொல்வார். உள்ளே வெளிச்சம் பதநீர் நிறத்தில் இறங்குமாம். குமிழி இருக்கிற இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியுமாம். எந்த ரெசின் போட்டிருக்கிறது என்பதும் அந்த நிறத்திலேயே தெரிந்துவிடும். சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு, தொப்பலாக நனைந்து, வைதுகொண்டே வெளியே வருவார்.

"கலர் போடுறதே மூடுறதுக்குத்தான். மூடுறதுக்கு முந்தி ஒரு மனுசன் பாத்திருக்கணும்லா?"

ஆழ்வார்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் கதவு பன்னிரண்டு செய்தோம். இரண்டு கதவில் ஓரம் சரியாக ஒட்டவில்லை. அந்த இரண்டையும் போட்டு உடைத்தார் மனுஷர். கைலாசம் அண்ணாச்சிக்கு வயிறு எரிந்தது.

"ஏம்வே, கக்கூஸ் கதவுக்கா இந்தப் பாடு?"

"கக்கூஸுக்குள்ள போறதும் பிள்ளையதானே அண்ணாச்சி. ஒடஞ்சு கையில ஏறுனா கண்ணாடிச் சிலாம்பு. நீரு எடுப்பீரா?"

அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். ஏனென்றால் அவருக்கு ஆர்டர் வந்ததே நூர் பாய் பெயரால்தான். திருச்செந்தூர் லாட்ஜ்காரர்களிலிருந்து கங்கைகொண்டான் பக்கத்துக் கம்பெனிகள் வரைக்கும், "நூர்முகம்மது கையெழுத்து இருக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். சான்றிதழில் 'செய்து சோதித்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவர் கையெழுத்து இருந்தால் தொட்டி வண்டியிலிருந்து இறங்கும்.

அந்தக் கையெழுத்தைப் போட்டது நான்.

ஆரம்பத்தில் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவரிடம்தான் போவேன். கை முழுக்க ரெசின் அப்பியிருக்கும். தொட்டால் காகிதம் கையோடு வந்துவிடும். மூன்று சான்றிதழ் அப்படிப் பாழாய்ப் போயிற்று. நாலாவது தடவை, "தொட்டிய நான் பாத்துட்டேன் தாயி. கையெழுத்துத்தானே, நீயே போட்டுரு" என்றார். போட்டேன். இங்கிலீஷில் பெரிய 'N' எழுத்து, அதைச் சுற்றி ஒரு சுழி, கீழே ஒரு கோடு. என் மனம்போல் ஒன்று. அவர் உண்மையில் எப்படிக் கையெழுத்துப் போடுவார் என்று நான் கேட்டதுகூட இல்லை. எட்டு வருஷத்தில் இருநூற்றுப் பதினேழு தொட்டிகள். ஒவ்வொன்றையும் பார்த்தது அவர், எழுதியது நான். பட்டறையில் யாருக்கும் இது தப்பாகத் தோன்றவில்லை. கை அழுக்காக இருக்கிற வீட்டுக்காரருக்கு மனைவி சோறு ஊட்டுவது மாதிரி ஒரு உதவி என்றுதான் நினைத்திருந்தோம்.

போன ஐப்பசியில் அவர் மகள் ஸமீஹாவுக்குக் காயல்பட்டினத்தில் பிரசவம். பத்து நாள் லீவு போட்டார். போகும்போது, "கங்கைகொண்டான் ஆசிட் தொட்டிய நான் வந்துதான் தொடணும்" என்று அண்ணாச்சியிடம் மூன்று தரம் சொன்னார். அண்ணாச்சி மூன்று தரமும் தலையை ஆட்டினார். மறுநாளே வேலையைத் தொடங்கிவிட்டார், படுபாவி.

வினைல் ரெசின் டிரம் வரவே இல்லை. எனக்குத் தெரியும். ஆர்டர் போடுகிறவளே நான்தானே. போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, வினைல் ஆர்டர் போடலியே?"

"இருக்கத வச்சு முடிச்சாச்சு பிள்ள. மழை வேற விடமாட்டேங்கு, கம்பெனிக்காரன் தலைக்கு மேல நிக்கான். நீ சர்டிபிகேட்ட டைப் அடி."

முற்றத்தில் தொட்டி நின்றது. சாம்பல் நிறம், மொழுமொழுவென்று, கல்யாணப் பெண் மாதிரி. உள்ளேயும் வெளியேயும் கலர். யாரும் அதற்குள் தவழ்ந்து போய்ப் பார்க்கவில்லை. நான் ஆபீஸுக்குள் வந்து உட்கார்ந்து, 'உள்பக்கம் வினைல் ரெசின்' என்று டைப் அடித்தேன். கட்டத்தில் ஒரு 'N', ஒரு சுழி, ஒரு கோடு. கை தயங்கியதா என்று கேட்காதீர்கள். தயங்கவில்லை. பழகிய கை, தன் பாட்டுக்குப் போட்டுவிட்டது. மூளை மட்டும் ஒரு நிமிஷம் ஏதோ சொன்னது, அதை நான் கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

நூர் பாய் பேரன் பிறந்த மிட்டாயோடு வந்தார். தொட்டி போய் நாலு நாளாகியிருந்தது. குழாய் மாட்டுவதற்காகத் தொட்டியில் வட்டமாக அறுப்பார்கள். அறுத்த துண்டு குப்பையில் கிடக்கும். அவர் மிட்டாய்ப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தத் துண்டைப் பொறுக்கினார். ஓரத்தைப் பார்த்தார், முகர்ந்தார், ஒரு ரூபாய்க் காசால் தட்டினார். நல்ல ஃபைபர் கணீரென்று கேட்கும். இது பொத்து பொத்தென்றது. இரண்டு கையாலும் வளைத்தார், அட்டை மாதிரிப் பிரிந்துகொண்டு வந்தது.

"அண்ணாச்சி, இதுல வினைல் எங்க?"

"தொட்டி போயி ஆசிட் ஊத்தி வேலையும் நடக்கு வே. இப்ப வந்து என்னத்தக் கிண்டுதீரு? ஒரு வருசம் நிக்கும். பொறவு பாத்துக்கிடலாம்."

"ஒரு மாசம் தாங்காது. கீழ ஆளு நிக்குமே, தெரியுமா தெரியாதா ஒமக்கு?"

"நீரு என்ன கலெக்டரா? வேலையப் பாரும்."

"யாரு கையெழுத்துல போச்சு?"

அண்ணாச்சி சிரித்தார். "ஒம்ம கையெழுத்துலதான்."

நூர் பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தத் துண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அப்படியே கங்கைகொண்டான் பஸ்ஸைப் பிடித்தார்.

அங்கே நடந்ததைப் பிறகு கோமு எனக்குச் சொன்னாள். கோமு அந்தக் கம்பெனியில் ஆசிட் பம்ப் பார்க்கிறவள். ஆளுயர இரும்பு மேடையில் தொட்டி, மேடைக்குக் கீழே பம்ப், பம்புக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் கோமு. மேனேஜர் அம்பலவாணன் நூர் பாயை நம்பவில்லை. புத்தம் புதுத் தொட்டி, சான்றிதழ் கையில் இருக்கிறது, எதற்காகக் காலி பண்ண வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இவர் துண்டைக் காட்டியிருக்கிறார், கெஞ்சியிருக்கிறார். நடக்கவில்லை. கடைசியில் விறுவிறுவென்று நடந்து வந்து, கோமுவைப் பிடித்து வெளியே அனுப்பிவிட்டு, தொட்டிக்குக் கீழே தானே நின்றுகொண்டாராம்.

"காலி பண்ணுத வரைக்கும் நான் இங்கனதான் நிக்கேன். ஒண்ணும் ஆகாதுன்னா நீங்களும் வந்து பக்கத்துல நில்லுங்க சார்."

மேனேஜர் வந்து நிற்கவில்லை. சாப்பாட்டு மணிக்குப் பிறகு ஆசிட்டை வேறு தொட்டிக்கு மாற்றினார்கள். கழுவிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், உள்பக்கம் முழுக்கப் பொரித்த அப்பளம் மாதிரிக் கொப்புளம். சில இடங்களில் கண்ணாடி நூல் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கோமு அதைச் சொல்லும்போது தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டாள்.

அப்புறம்தான் மேனேஜர் சான்றிதழை நீட்டியிருக்கிறார். "இது ஒங்க கையெழுத்துதானே?"

நூர் பாய் அதை வெகுநேரம் பார்த்தாராம். "ஆமா சார். என்னுதுதான்."

அவ்வளவுதான். கைலாசம் அண்ணாச்சி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். முதலாளிக்குத் தெரியாமல் தொழிலாளி ரெசினை மாற்றிவிட்டான், அவனை வேலையை விட்டு நீக்கிவிட்டோம் என்று கம்பெனிக்கு ஒரு கடிதம். அதையும் நான்தான் டைப் அடித்தேன். எதிர்த்துப் பேசப் போனபோது, "வாயத் தொறந்தா அந்தக் கையெழுத்து யாருதுன்னு நானே சொல்லிருவேன் பிள்ள" என்றார். வாயை மூடிக்கொண்டு வந்து டைப் அடித்தேன். ஃபைபர் பட்டறைக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் நூர் பாய் போட்டோவைப் போட்டு, 'இவரை வேலைக்கு வைக்காதீர்கள்' என்று எழுதினார்கள். நாகர்கோவிலில் இருந்து மதுரை வரைக்கும் ஒரு பட்டறையும் அவரைச் சேர்க்கவில்லை.

மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலப்பாளையத்துக்குப் போனேன். அவர் மனைவி மும்தாஜ் பேகம் கதவைத் திறந்து, "வா" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டே தண்ணீர் கொடுத்தார். எனக்கோ உள்ளே போனதும் அழுகைக்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது.

"யாரு பாய் ஒங்ககிட்ட தயவு கேட்டா? என்னைக் காப்பாத்தச் சொல்லி நான் கேட்டேனா? நாளைக்கே கங்கைகொண்டான் போயி, அது நான் போட்ட கையெழுத்துன்னு சொல்லத்தான் போறேன்."

அவர் கட்டிலிலிருந்து எழுந்து நின்றார். என்னிடம் அவர் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான்.

"ஒன்னக் காப்பாத்தவா? அல்லாவே! ஒன்ன எதுக்குட்டி நான் காப்பாத்தணும்? அது என்னுது இல்லன்னு சொன்னா, மத்த இருநூத்திப் பதினேழும் யாருதுன்னு கேக்க மாட்டானா? எல்லாத்துலயும் அதே சுழிதானே கெடக்கு? நான் ஒவ்வொண்ணுக்குள்ளயும் தவழ்ந்து போயிப் பாத்த தொட்டி. ஒண்ணு போலின்னா அத்தனையும் போலின்னு ஆயிரும். என் வேலை பூராவும் போயிரும். ஒரு கெட்ட தொட்டிக்குப் பேரு கெட்டா கெட்டுட்டுப் போகுது!"

இத்தனை நாளும் அவர் எனக்கு இரக்கம் காட்டினார் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, என்ன திமிர் எனக்கு! அவர் கணக்கில் நான் எங்கேயும் இல்லை. தொட்டிகள்தான் இருந்தன.

மும்தாஜ் அக்காதான் பைய ஒரு வழி சொன்னார். "நல்ல தொட்டியளத்தானே செஞ்சிய? நீங்களே ஒவ்வொரு எடமா போயிப் பாத்து, ஒங்க கையாலயே ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டு வாங்க. பொறவு இவ யாருகிட்ட வேணும்னாலும் உண்மையச் சொல்லட்டும்."

எங்கெங்கே எந்தத் தொட்டி நிற்கிறது என்ற பட்டியல் என்னிடம் இருந்தது. நான் அண்ணாச்சியிடம் வேலையை விட்டு நின்றேன். நானும் பாயும் பஸ்ஸில் கிளம்பினோம். சொந்தத் தொட்டியைப் பார்க்கத் திருடன் மாதிரி கேட்டில் நிற்க வேண்டியிருந்தது. 'இலவசப் பராமரிப்பு' என்று பொய் சொல்லித்தான் உள்ளே போனோம். முதலில் ஆழ்வார்குறிச்சிப் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டி. தலைமையாசிரியை சண்முகசுந்தரி டீச்சர் காபி கொடுத்தார், தாளை வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டார். அடுத்தது ஒரு அரிசி மில். அங்கேயும் யாரும் தாளைப் பார்க்கவில்லை.

மூன்றாவது, ஏரலில் ஒரு ஐஸ் கம்பெனி. ஆறு வருஷத்துக்கு முன்னால் செய்த உப்புத்தண்ணீர்த் தொட்டி. நூர் பாய் அதைத் தட்டி, தடவி, காதை வைத்துக் கேட்டு, இறங்கி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "கல்லு மாதிரி நிக்கி சார்" என்று அங்கிருந்த மேனேஜரிடம் சொல்லிவிட்டு, தாளில் கையெழுத்துப் போட்டார். தமிழில், ஒவ்வோர் எழுத்தாக, 'மு. நூர்முகம்மது'. முதல் இரண்டு இடங்களிலும் தாளை மடித்தே கொடுத்திருந்தார்; அன்றைக்குத்தான் அவருடைய கையெழுத்தை நான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

மேனேஜர் பழைய ஃபைலை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்தார்.

"இது நூர்முகம்மது கையெழுத்து இல்லியே. யாரு வே நீரு?"

"நான்தான் சார் நூர்முகம்மது." ஆதார் கார்டை எடுத்து நீட்டினார்.

"பேரு சரி. ஃபைல்ல இருக்கது வேறல்லா? இதப் போட்டவரு யாரு?"

"அது நான் இங்கிலீஷுல போடுறது சார். இப்பமும் போடுதேன்" என்று நூர் பாய் பேனாவை வாங்கினார். ஃபைலைப் பார்த்துப் பார்த்து அந்த 'N' எழுத்தை எழுதினார். சுழி வரவில்லை. அடித்துவிட்டு மறுபடியும் எழுதினார். 'N' வளைந்துபோயிற்று. மூன்றாவது தடவை பேனா தாளைக் கிழித்தது. ஐம்பத்தைந்து வயது மனுஷர், தன் பெயரைப் பார்த்துக் காப்பியடிக்கத் தெரியாமல் வேர்த்துக்கொண்டு நின்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. "அது நான் போட்டது சார். எல்லாத்துலயும் நான்தான் போட்டேன். அவர் ஒண்ணுலகூடப் போடல" என்று கத்திவிட்டேன்.

மேனேஜர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ஃபைலை மூடினார். "அப்பம் இந்தத் தொட்டிய யாரும் சோதிக்கவே இல்ல. அப்படித்தானே?"

"சோதிச்சேன் சார். இது நல்ல தொட்டி சார்."

"போதும் வே. நாளைக்கே கழத்தச் சொல்லுதேன். நீங்க ரெண்டு பேரும் வெளிய போங்க."

"நல்ல தொட்டி சார். ஒருக்க தட்டிப் பாருங்க சார்."

வாட்ச்மேன் வந்து தோளைத் தொடும் வரைக்கும் அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் அவர் முன் சீட்டில் உட்கார்ந்தார், நான் பின்னால். பஸ் ஸ்ரீவைகுண்டம் தாண்டியது. எனக்கு யார் மேலெல்லாமோ கோபம் வந்தது. கைலாசம் மேல், அந்த மேனேஜர் மேல், தன் கையால் ஒரு தாளில்கூட எழுதாமல் எட்டு வருஷம் இருந்த இந்த மனுஷர் மேலும் வந்தது. "ஏன் பாய், ஒரு நாளாவது கையக் கழுவிட்டு வந்து போட்டிருக்கக் கூடாதா?" என்று கேட்டே விட்டேன்.

அவர் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு ஊருல ஒரு பேரு இருக்குன்னு நெனச்சிட்டு இருந்தேன் தாயி. அதையும் நீதான் எழுதிக்கிட்டு இருந்திருக்க."

புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சொல்லாமல் நடந்து போய்விட்டார். பட்டியலில் இன்னும் இருநூற்றுப் பதினாலு இடம் பாக்கி இருந்தது.